மேனேஜர் வீட்டுக்குப் போன கடைசி அத்தியாயம்

காதல் கடிதத்தைத் தவறான விலாசத்துக்கு அனுப்பியவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். அதைத் தைத்து, அட்டை போட்டு, முதுகில் காலிகோ துணி ஒட்டி, மேனேஜர் வீட்டுக்கு நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்த அம்மாள் தந்த மோரையும் குடித்துவிட்டு வந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நான் ஆபீஸ் கிளார்க். வயது இருபத்தைந்து. மெலிந்த உடம்பு, அதைவிட மெலிந்த மீசை. என்னைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம் மட்டும் நல்ல பருமன். ஊரிலேயே அதிகம் படித்தவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (படிப்பு என்றால் கதைப் புத்தகம். பி.காமில் இரண்டு பேப்பர் பாக்கி இருந்ததை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

அப்போதெல்லாம் வாரப் பத்திரிகை வாங்கும் வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து வைப்பார்கள். கதை முடிந்ததும் பைண்டிங்குக்குப் போகும். கதாநாயகி விம்மி அழும் பக்கத்திலேயே ஒரு டாக்டர் ஜோக்கும், அதன் பின்பக்கம் பல்பொடி விளம்பரமும் சேர்ந்து தைக்கப்பட்டிருக்கும். அதையெல்லாம் தாண்டிப் படித்து அழுகிற பழக்கம் எங்களுக்கு இருந்தது. ஒரு வீட்டில் பைண்ட் ஆன புத்தகம் தெருவைச் சுற்றி, சொந்தக்காரர்களைச் சுற்றி, சில சமயம் மூன்று ஊர் தாண்டிப் போய்த் திரும்பி வரும்.

எங்கள் ஆபீசில் எல்லார் வீட்டுக் கட்டுகளையும் பைண்டிங்குக்குக் கொண்டுபோகும் வேலையை நானாக வலியப்போய் எடுத்துக்கொண்டேன். "தங்கமான பையன்" என்று ஆபீசே புகழ்ந்தது. பைண்டிங் கடை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. அந்தக் கடையில் ஜமால் இருந்தார். தங்கத்தின் கதை அவ்வளவுதான்.

ஜமாலும் அவருடைய அண்ணனும் நடத்திய கடை அது. முதல்தடவை என் சொந்தக் கட்டைப் பிரித்துப் பக்கங்களைச் சரிபார்த்தவர், ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இதுல நாலு வாரம் காணோமே. தைச்ச பொறவு சேர்க்க முடியாது."

"அது வேண்டாம்னுதான் எடுத்துட்டேன்."

"அந்த வாரத்துல அப்படி என்ன வருது?"

"பொண்ணு பாக்குறது, நிச்சயம், கல்யாணம், முதலிரவு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் காது சூடாகிவிட்டது.

அவர் பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஒரு பைண்டு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அதே தொடர்கதை. அவருடைய சொந்தப் பிரதி. திருப்பிப் பார்த்தேன். அதிலும் அதே நாலு வாரம் இல்லை.

"எனக்கும் அது பிடிக்கல" என்றார்.

இப்போது எங்களைப் போன்றவர்களைச் சொல்ல ஆங்கிலத்தில் நாலு எழுத்தைச் சேர்த்து ஒரு பெயர் இருக்கிறது, செய்தித்தாளில்கூட வருகிறது. அன்று எங்களுக்குக் கிடைத்த அடையாளம் நாலு வாரம் குறைந்த ஒரு தொடர்கதைதான். ஆனால் அன்று திரும்பி வரும் பஸ்ஸில், உலகத்தில் நான் ஒற்றை ஆள் இல்லை என்ற சந்தோஷத்தில், பக்கத்து சீட்டுக்காரரின் கோழிக்கூடையை அவர் கேட்காமலே மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் நான் அந்தக் கடையில்தான் இருப்பேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான்கு பேர் உட்காருவோம். மூன்றாவது ஆள் ஸ்டெல்லா டீச்சர், நாற்பது வயது, மாணவிகள் நடுங்கும் குரல். நான்காவது ஆள் பொன்னுத்தாய் அக்கா, தையல்காரர். இருவரும் ஒரே வீட்டில் பல வருடமாக இருந்தார்கள். தெருவில் கேட்டால், "டீச்சருக்குத் துணைக்கு இருக்காவ" என்பார்கள். யார் யாருக்குத் துணை என்பது வீட்டுக்குள் போனால்தான் தெரியும். டீச்சருக்குச் சமையல் வராது, பல்லியைக் கண்டால் பயம்.

நாங்கள் அங்கே கூடிச் செய்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வாரம் யார் என்ன படிக்கிறோம் என்று சொல்லவேண்டும். சொல்லி முடித்ததும் மற்ற மூன்று பேரும் ஒரே கேள்வி கேட்பார்கள்: "அதுல நம்ம ஆளு யாரு?" எந்தக் கதையை எடுத்தாலும் நம்ம ஆளு கிடைப்பார். துப்பறியும் கதையா, துப்பறிபவரும் உதவியாளரும். ஹாஸ்டல் கதையா, கேட்கவே வேண்டாம். சரித்திரக் கதையில் ராஜாவும் தளபதியும் ஒரே குதிரையில் தப்பித்தால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. பொன்னுத்தாய் அக்கா தைத்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் படித்துக் காட்டுவார். "நான் காதால படிக்கேன்" என்று அக்கா சொல்வார். அவர் கண்டுபிடிக்கும் நம்ம ஆட்கள்தான் எப்போதும் சரியாக இருந்தார்கள்.

நான் ஜமாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அதனால் அவருடைய நகங்களின் ஓரம் எப்போதும் லேசாக நீலம் பாரித்திருக்கும். யாராவது கதை சொல்லும்போது ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்பார். இரண்டு வருடம் இதைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரார் கதையிலெல்லாம் நம்ம ஆளைக் கண்டுபிடித்தவனுக்குச் சொந்தக் கதையில் கேட்க வாய் வரவில்லை.

அப்போதுதான் அந்தத் தொடர்கதை வந்தது. (பெயர் வேண்டாம். எழுதியவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.) மலையில் ஒரு காபித் தோட்டம், அதில் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள். வாராவாரம் எங்களுக்கு மூச்சு முட்டியது. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவன் கஞ்சி வைத்தான். மழையில் ஒரே கம்பளியில் உட்கார்ந்தார்கள். முப்பதாவது வாரம் அந்த எழுத்தாளர், ஒருவனை முதலாளி மகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்து, மற்றவனை பஸ் ஏற்றி எங்கோ அனுப்பிவிட்டார். எங்கே அனுப்பினார் என்றுகூடச் சொல்லவில்லை.

"இது அநியாயம்லா!" என்று டீச்சர் கொதித்தார். "ஏலே சுந்தரம், பெரிய படிப்பாளின்னு பீத்துதியே, நீ எழுது பாப்போம் வேற முடிவு. எல்லாரும் எழுதணும். ரெண்டு வாரம் டைம்."

எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் காலியாக இருக்கும்போது, மில்லின் தமிழ் டைப்ரைட்டரில் அடித்தேன். தாளுக்கு எங்கே போவது? பழைய பருத்தி பேல் வரவுச் சீட்டுகளின் பின்பக்கம். மொத்தம் ஐந்து தாள். பத்திரிகை அளவுக்கு வெட்டி, பக்க எண்ணும் சரியாகப் போட்டேன். என் அத்தியாயத்தில் நண்பன் பஸ் ஏறுவதில்லை. மற்றவன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து ஓடிவந்து அவன் பெட்டியைப் பிடுங்கிக்கொள்கிறான். "உங்க கையைப் பாக்காம எனக்கு ஞாயித்துக்கிழமை விடியாது" என்கிறான். முப்பது வாரம் சாதாரணமாக இருந்த, பஸ் ஏற வேண்டிய அந்த நண்பனுக்கு என் அத்தியாயத்தில் திடீரென்று நகம் நீலமாகிவிட்டது. யோசிக்கும்போது ஊசி கடிக்கிற பழக்கமும் வந்துவிட்டது. காபித் தோட்டத்தில் ஊசிக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. காதலிக்கிறவனுக்கு எடிட்டர் கிடையாது.

டீச்சரிடம், "எழுத வரல டீச்சர்" என்று பொய் சொன்னேன். திட்டம் வேறு. என் கட்டிலிருந்து அச்சில் வந்த கடைசி வாரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் ஐந்து தாளை வைத்துவிடுவது. ஆபீஸ்காரர்களின் கட்டுகளை ஜமாலின் அண்ணன் தைப்பார், அவருக்குப் பக்க எண் வரிசையாக இருந்தால் போதும். என் கட்டை மட்டும் ஜமால்தான் தைப்பார். தைக்கும் முன் ஒரு பக்கம் விடாமல் பார்ப்பார். பார்த்ததும் புரிந்துகொள்வார். அற்புதமான திட்டம்.

மில் ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் வேஸ்ட் நூலால்தான் கட்டுவோம். முருங்கைக்கீரை, ஜாதகம், உடைந்த மூக்குக்கண்ணாடி, எல்லாம் அதே வெள்ளை நூல். அந்த வாரம் என் மேஜையில் அதே தொடர்கதையின் இரண்டு கட்டுகள் இருந்தன, ஒரே உயரம், ஒரே நூல், ஒரே முடிச்சு. ஒன்று என்னுடையது. இன்னொன்று மேனேஜர் சம்சாரத்துடையது.

மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பைண்ட் ஆனவற்றை வாங்கப் போனேன். டீச்சரும் அக்காவும் இன்னும் வரவில்லை. ஜமால் என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இந்தத் தடவை எல்லா வாரமும் சேர்த்துக் கொண்டாந்துட்டீங்க."

"ஆமா" என்றேன். "இனிமே எதையும் ஒளிக்கப் போறதில்ல."

"ரொம்ப நாளா யோசிச்சீங்களோ?"

"ரெண்டு வருசமா."

அவர் தலையை ஆட்டினார். "நல்லா இருங்க" என்றார்.

கூச்ச சுபாவமுள்ள மனிதர், முதல்தடவை இவ்வளவு சொன்னதே பெரிசு என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ராஜபாளையம் வரைக்கும் இளித்துக்கொண்டே வந்தேன். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கண் பட்ட பக்கத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் மேனேஜர் வீட்டில் அவர்கள் புத்தகத்தைக் கொடுத்தேன். மோர் குடித்தேன். கொத்தமல்லி தூக்கலாக இருந்தது.

பத்து நாள் கழித்து மேனேஜர் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. போனால் ஹாலில் மேனேஜர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேர். நடுவில் டீப்பாய் மேல் அந்தப் புத்தகம். கடைசி அத்தியாயம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. டைப் அடித்த எழுத்து.

வாசலில் விட்டிருந்த செருப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

மேனேஜர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். "இது நம்ம மில் பேப்பர்தானே?"

"ஆமா சார்."

"அடிச்சது நம்ம மிஷின்தானே?"

"ஆமா சார்."

"ஆபீஸ்ல தமிழ் டைப் தெரிஞ்சவங்க எத்தனை பேரு?"

"ஒரு ஆளு சார்."

"யாரு?"

ரிட்டயர் ஆகிவிட்ட பழைய டைப்பிஸ்டைச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "நான்தான் சார்" என்றேன்.

நடந்தது இதுதான். மகள் பிரசவத்துக்காக மதுரைக்குப் போயிருந்த மேனேஜரம்மா கடைசி வாரத்தைப் படித்திருக்கவில்லை. இதுதான் முடிவு என்று நினைத்து, படித்து, அழுது, தெருவெல்லாம் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அம்மாள், "அவன் முதலாளி மகளைல்லா கட்டுனான்" என்றிருக்கிறார். "இல்ல, எழுந்து ஓடிட்டான்." "கட்டுனான், நான் படிச்சேன்." "நானும்தான் படிச்சேன்." ஒரு வாரமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வழக்கு முற்றிப்போய்ப் புத்தகத்தைச் சாட்சிக்குக் கொண்டுவந்து பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது.

வேலை போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன். ஊர் சிரிக்கும், அம்மா அழுவாள். தலையைக் குனிந்து நின்றேன்.

மேனேஜரம்மா மூக்கைச் சிந்தினார். "இதுதான்ப்பா முடிவு! அச்சுல வந்தது ஒரு முடிவா? கஞ்சி வச்சுக் குடுத்த பிள்ளையைப் பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு இவன் மாலையும் கழுத்துமா நிப்பானாம். என்ன சிநேகம்! எம்புட்டு சிநேகம்!"

"ஆனா ஒரு சந்தேகம்" என்றார் இன்னொரு அம்மாள். "அவனுக்கு நகம் ஏன் நீலமா இருக்கு? மயில்துத்தம்னு போட்டிருக்கு?"

மேனேஜரம்மாவின் தம்பி தொண்டையைச் செருமினார். அவருக்கு மலையில் சொந்தமாகக் காபித் தோட்டம் உண்டு. "அது சரிதான். மழைக்கு முன்னால சுண்ணாம்போட மயில்துத்தம் கலந்து செடிக்கு அடிப்போம். எங்க ஆட்களுக்கெல்லாம் நகம் இப்படித்தான் இருக்கும்."

"நிஜங்கா?" என்று மேனேஜரம்மா தங்கள் வீட்டுத் தெலுங்கில் தம்பியைக் கேட்டார்.

"நிஜமே" என்றார் தம்பி. "பையன் விஷயம் தெரிஞ்சுதான் எழுதியிருக்கான்."

ஹாலே என்னை மரியாதையாகப் பார்த்தது. என் காதல் விவசாயக் குறிப்பாகித் தப்பித்துவிட்டது. ஊசியைப் பற்றி நல்லவேளை யாரும் கேட்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சிநேகம்தான்" என்று மெதுவாகச் சொன்னார். மேனேஜர் இனி மில் தாளைத் தொடக்கூடாது என்று எச்சரித்துவிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னார்.

டம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. என் அத்தியாயம் இங்கே இருக்கிறதென்றால், ஜமால் என்ன படித்தார்?

என் கட்டில் அவர் பார்த்தது அச்சில் வந்த கல்யாணத்தை. கல்யாணம் வருகிற வாரத்தையெல்லாம் கிழித்துப் போடுகிறவன், இந்தத் தடவை ஒன்றுவிடாமல் சேர்த்துக்கொண்டு வந்து, இரண்டு வருடமாக யோசித்தேன், இனி ஒளிக்கப் போவதில்லை என்று இளித்தால் அவர் என்னதான் நினைப்பார்? என் அம்மா பெண் தேடுவதை டீச்சர் வேறு அவரிடம் சொல்லியிருந்தார்.

காபியை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கடையில் அண்ணன் மட்டும் இருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சங்கரன்கோவில்ல பொண்ணு பேசி முடிச்சாச்சு. இம்புட்டு நாளா மாட்டேன் மாட்டேன்னு நின்னவன் போன வாரம் அவனாவே சரின்னுட்டான். உங்களைத்தான் மொதல்ல கூப்பிடணும்னான்."

ஜமால் வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "உங்களுக்குத்தான் எழுதினேன். கட்டு மாறிப்போச்சு."

அவர் மேஜையில் கிடந்த தையல் நூலை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். "என்ன எழுதினீங்க?" என்றார் கடைசியில்.

வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவும் பார்த்தேன். "அந்தக் காபித் தோட்டத்துல..." என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் வரவில்லை. ஐந்து தாள் அடித்தவனுக்கு ஐந்து வார்த்தை வரவில்லை.

"பொண்ணு வீட்டுக்கு வாக்கு குடுத்தாச்சு" என்றார். "இருந்தாலும் கொண்டாங்க. படிக்கணும்."

மறுநாள் மேனேஜரம்மாவிடம் கேட்டேன். புத்தகம் சேத்தூரில் அவர் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தது. சேத்தூர் போனேன், அது வ. புதுப்பட்டிக்குப் போய்விட்டது. புதுப்பட்டியில், "நேத்துத்தான் ஆலங்குளம் சிமெண்டு பாக்டரி காலனிக்குக் குடுத்தோம், நீங்கதான் எழுதினவரா?" என்று உட்காரவைத்து அதிரசம் கொடுத்தார்கள். காலனியில் எந்த வீடு என்று யாருக்கும் தெரியவில்லை. ஜில்லாவில் பாதிப் பெண்கள் என் காதல் கடிதத்தைப் படித்துக் கண்ணைத் துடைத்தார்கள். படிக்கவேண்டிய ஒரு ஆள் படிக்கவில்லை. நான் அதிரசத்தோடு ஊர் ஊராக அலைந்தேன்.

கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். டீச்சர் என் கையை விடாமல் பிடித்திருந்தார். பொன்னுத்தாய் அக்கா என் தட்டில் பிரியாணியை வைத்து, "தின்னு, அழுதா ஊரு பாக்கும்" என்றார். தின்றேன். ஜமாலின் மனைவி நல்ல மனுஷி. அதனால் கோபப்படுவதற்குக்கூட எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒருநாள் மேனேஜரம்மா கூப்பிட்டு, முதுகு உடைந்து, ஓரமெல்லாம் எண்ணெய்க்கறை படிந்த அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "கைமாறிக் கைமாறித் தையல் விட்டுப்போச்சு. அந்த பாய் கடையிலயே குடுத்துத் திரும்பத் தைச்சு வாங்கிட்டு வா."

ஜமால் கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். ஐந்து தாளையும் படித்தார். நான் எதிரில் நின்று, தெருவில் போகிற சைக்கிள்களைப் பார்த்தேன். படித்து முடித்து, தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"நகம் வரைக்கும் எழுதியிருக்கீங்க."

"எனக்கு வேற என்ன வேலை இருந்துச்சு?" என்றேன்.

அவருடைய கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். உள்ளே குழந்தை அழுதது, அவர் மனைவி கூப்பிட்டார். "இந்தா வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, அந்தப் புத்தகத்தைத் தைக்கவேண்டிய அடுக்கில் வைக்காமல் தன் மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

"மேனேஜரம்மாகிட்ட எலி தின்னுருச்சுன்னு சொல்லிருங்க."

"முழுசையுமா?"

"அட்டை வரைக்கும்."

சொன்னேன். மேனேஜரம்மா துக்கம் விசாரிப்பதுபோல் என் அம்மாவிடம் விசாரித்தார். அம்மா என் தங்கையிடம் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதை உண்டு. "எங்கண்ணன் வாழ்க்கையில எழுதினது ஒரே ஒரு கதை. அதையும் எலி தின்னுட்டு" என்று தங்கை ஆரம்பிப்பாள். அவள் பிள்ளைகள், அப்புறம் பேரன் பேத்திகள், எல்லோரும் சிரிப்பார்கள். நான் பேனாவை எடுத்தாலே, "மாமா, பூனை வாங்கி வைக்கவா?" என்று கேட்பார்கள். ஒரு பேத்தி, அந்த எலிக்கு வயிறு வலித்திருக்குமா என்று கேட்டாள். வலித்திருக்கும் என்றேன்.

எலிக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறது. பேரன்கள் இருக்கிறார்கள். கடையில் பைண்டிங்கோடு ஜெராக்ஸும் உண்டு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸையும் விடவில்லை. போன மாதம், இதை எழுதுவதற்காக அந்த ஐந்து தாளையும் ஒருதடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டேன்.

ஜமால் டிராயர் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"செத்த பொறுங்க" என்றார். "இன்னும் படிச்சு முடிக்கல."